புள்ளி விழாத இருக்கை

கொட்டகைக் கதவு திறக்க மறுத்தது. கொழுந்தன் தோளால் ஒரு தடவை தள்ளினான், காலால் ஒரு தடவை உதைத்தான், கடைசியில் மரியாதையாகக் கேட்டும் பார்த்தான்.

"உள்ள இருக்கிறது ட்ராக்டரா, கல்யாணப் பொண்ணா அண்ணி? இவ்வளவு காவல் போட்டிருக்காங்க."

அண்ணி நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார்: கதவு, வெளியாளுக்குத் திறக்காது.

ட்ராக்டருக்குச் சொந்தக்காரர்களான அண்ணன் தம்பி இருவரில் இளையவர், தம்பிக்காரர், வீட்டிலிருந்து ஓடி வந்தார். கதவை உள்ளங்கையால் ஒரு விரற்கடை தூக்கி, இடது பக்கம் நகர்த்தி, பிறகு தள்ளினார். அது சத்தமில்லாமல் திறந்தது. பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்குத்தான் இது வசப்படும் என்றார், ஏதோ கதவுக்குப் பரிசு கிடைத்துவிட்ட மாதிரி.

அண்ணியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டம் எழுதியவர். இப்போது தனியாகப் பழைய இயந்திரங்களுக்கு விலை மதிப்பிடுகிறார். பொய் சொல்லும் மனிதரைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். பொய் சொல்லும் வண்டிக்கு ஐந்து நிமிடம் போதும். விலையை எழுதிப் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டு அழுதவர்களும் உண்டு, பெருமூச்சு விட்டவர்களும் உண்டு.

கொழுந்தன் அவர் கணவரின் தம்பி. மூன்று மெக்கானிக் ஷாப் திறந்து மூன்றையும் மூடியவன். இப்போது அண்ணியின் வேனை ஓட்டுகிறான், ஜாக்கி தூக்குகிறான். அவன் வாய்க்கு மட்டும் இதுவரை ஷட்டர் விழுந்ததில்லை.

அடுத்தது, வந்த வேலை. தம்பிக்காரரின் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. நிலத்தை வக்கீல் அளந்து இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஐம்பது வருடப் பழைய ட்ராக்டரை அப்படி நடுவில் கோடு போட்டுப் பிரிக்க முடியவில்லை. அதனால் இருவரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணி சொல்லும் விலையில் பாதியைத் தம்பிக்காரர் ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் வண்டி அவருக்கு. கொடுக்க முடியாவிட்டால், நெடுஞ்சாலையில் ஓட்டல் வைத்திருப்பவர் வாங்கிக்கொள்வார். அவருக்கு உழ வேண்டியதில்லை. பளபளவென்று துடைத்து வாசலில் நிறுத்தினால் கார்க்காரர்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள் என்பது அவர் கணக்கு.

தம்பிக்காரருக்கோ அந்த வண்டியை விட்டால் வேறு தொழில் கிடையாது. முப்பது வருடமாகச் சுற்றுவட்டார நிலங்களை வாடகைக்கு உழுகிறார். எங்கே புரட்டினாலும் ஒரு லட்சம்தான் தேறும் என்று வரும்போதே சொல்லிவிட்டார். அதாவது, விலை இரண்டு லட்சத்தைத் தாண்டினால் ட்ராக்டர் ஓட்டல் வாசலுக்குப் போகும், இவர் வேறொருவர் வயலுக்குக் கூலிக்குப் போவார்.

விலை சொல்லும் நேரம் மாலை நான்கு. அண்ணன்காரரும் வந்துவிடுவார்.

அண்ணி வேலையை ஆரம்பித்தார். இன்ஜினைக் கிளப்பச் சொல்லிப் புகையின் நிறத்தைப் பார்த்தார். கலப்பையைத் தூக்கி நிறுத்தி, அதைத் தாங்கும் இரும்புக் கை தானாகக் கீழே இறங்குகிறதா என்று பத்து நிமிடம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றார். கிளட்ச் மிதியில் கால் பட்டுத் தேய்ந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். இரண்டாவது கியர் மேட்டில் வழுக்கி வெளியே வருகிறது என்று கொழுந்தன் ஓட்டிப் பார்த்துச் சொன்னான். அவனுடைய இரண்டாவது ஷாப்பும் அப்படித்தான் போனதாம்.

"உழவுக்கு நல்ல வண்டி," என்றார் அண்ணி. "ரெண்டு லட்சம் வண்டி."

தம்பிக்காரர் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இன்னும் குறைச்சுக்கலாம் மேடம். பாருங்க, எல்லாம் ஓட்டை உடைசல். ஆறு வாரமா யாரோ வந்து நல்ல சாமானைக் கழட்டிட்டுப் பழசை மாட்டிட்டுப் போறான்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவர் வண்டியின் வயதைப் பார்ப்பதை விட்டு, வண்டியின் மேலே இருப்பவற்றின் வயதைப் பார்க்க ஆரம்பித்தார்.

கேட்கக் கேட்கக் கதை நீண்டது. வியாழக்கிழமை தோறும் தம்பிக்காரர் டீசலும் சாமானும் வாங்க வெளியே போவார். பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கொட்டகையில் ஆள் இருக்காது. முதல் வியாழன், அவர் போன வருடம் போட்ட புது விளக்குகள் போய்விட்டன. அந்த இடத்தில் வட்டமான பழைய விளக்குகள் இருந்தன. அடுத்த வியாழன் ஸ்டீயரிங் வளையம். அப்புறம் முன்மூக்கில் ஒட்டும் பெயர்த்தகடு, அப்புறம் டூல் பாக்ஸ் மூடி, அப்புறம் காற்று வடிகட்டியின் கிண்ணம். போன வியாழன் இருக்கை. அவர் ஆசையாகப் போட்டிருந்த மெத்தை சீட்டைக் கழற்றிவிட்டு, துளை துளையாக இருக்கும் பழைய இரும்பு சீட்டை மாட்டியிருந்தார்கள். கழற்றிய சாமான்கள் ஒன்றும் தொலையவில்லை. மூலையில் சாக்கு போட்டு மூடி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"திருடன் வந்து வெச்சிட்டுப் போறான்," என்றான் கொழுந்தன். "அவன் விலாசம் கிடைச்சா எங்க வீட்டுக்கும் ஒரு நடை வரச் சொல்லுங்க. ஃபிரிட்ஜ் சரியில்ல."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அண்ணி கேட்டார். தம்பிக்காரர் தரையைப் பார்த்தார். பழைய சாமான் ஏற ஏற விலை இறங்கும், விலை இறங்கினால் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய பாதியும் இறங்கும் என்று நினைத்து சும்மா இருந்துவிட்டாராம். தினமும் உழுகிறவருக்கு அப்படித்தான் தோன்றும். உட்கார்ந்தால் வலிக்கிற சீட்டு எப்படி விலை கூடிய சீட்டாகும்?

"இந்த ஆறும் கம்பெனியில வரும்போதே வந்த மாதிரி சாமான்," என்றார் அண்ணி. "பழைய வண்டி சேக்கிறவங்க இதுக்காக அலையறாங்க. இப்ப இது ரெண்டு லட்சம் வண்டி இல்ல. ஆறு லட்சம்."

தம்பிக்காரர் பக்கத்திலிருந்த டீசல் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார். பாதி என்றால் மூன்று லட்சம். ஆறு வாரமாகத் தன்னை அறுத்துக்கொண்டிருந்த வாளைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இது ஓட்டல்காரன் வேலை என்றார் தம்பிக்காரர். வாங்குகிறவன் எதற்காக விலையை ஏற்றுவான் என்று கொழுந்தன் கேட்டான். மேலும், ஓட்டல்காரருக்கு அந்தக் கதவு திறந்திருக்காது என்றார் அண்ணி.

அவர் குனிந்து விளக்கின் உள்விளிம்பைத் தடவினார். விரலில் ஏதோ நெருடியது. இரண்டு சின்னப் புள்ளிகள், பக்கத்தில் பக்கத்தில், ஆணி நுனியால் தட்டியது போல. ஸ்டீயரிங்கின் அடியில் இரண்டு புள்ளிகள். பெயர்த்தகட்டின் பின்னால் இரண்டு. மூடியில், கிண்ணத்தில், இரண்டிரண்டு.

இருக்கையை மேலும் கீழும் தடவினார். புள்ளி இல்லை. இன்னொரு தடவை, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இல்லை.

"மணி பன்னிரண்டு," என்றார். "உதிரிபாகக் கடைத் தெரு எவ்வளவு தூரம், கொழுந்தனாரே?"

* * *

உதிரிபாகம் விற்கிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. புதுச் சாமானை வாங்கிப் போய், மறுநாள் தன் வீட்டு உடைந்த சாமானைக் கொண்டுவந்து, உங்கள் கடையில் வாங்கியதுதான், மாற்றிக் கொடு என்று நிற்கும் ஆள்கள். அதனால் ஒவ்வொரு கடையும் கொடுக்கும்போதே ரகசியமாக ஓர் அடையாளம் போட்டுவிடும். இதை அண்ணி இன்சூரன்ஸ் காலத்திலேயே அறிவார்.

முதல் கடையில் கொழுந்தன் ஒரு போல்ட் வாங்கினான். பச்சை பெயின்ட் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது கடையில் ஒரு நட். அரத்தால் ஒரு கீறல். மூன்றாவது கடை அகலமாக, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இழுப்பறைகளில் எண்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. கொழுந்தன் விளக்கு வளையம் ஒன்று கேட்டான். கல்லாவில் இருந்தவர் அதை எடுத்தார், துடைத்தார், திருப்பினார், ஒரு சின்ன உளியை வைத்துச் சுத்தியலால் டிக், டிக் என்று இரண்டு தட்டு தட்டினார். கண் அங்கே போகவே இல்லை. வேறு யாரிடமோ பேசிக்கொண்டேதான் தட்டினார்.

கொழுந்தன் அவர் முகத்தைப் பார்த்தான். தம்பிக்காரர் முகத்தையே சலவைக்குப் போட்டு, இஸ்திரி பண்ணி, கண்ணாடி மாட்டிவிட்டது போல இருந்தது. வண்டியின் பங்குதாரரான அண்ணன் ஏதோ கடை வைத்திருக்கிறார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். என்ன கடை என்று சொல்லவில்லை.

அண்ணி தன்னை யார் என்று காட்டிக்கொள்ளாமல், அதே ரக ட்ராக்டருக்குப் பழைய விளக்கு ஜோடி கிடைக்குமா என்று கேட்டார். அண்ணன்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எந்த வருடத்து வண்டி, வளையம் எத்தனை அங்குலம் என்று வரிசையாகக் கேட்டார். கடைசி ஜோடி ஒன்றரை மாதம் முன்னால் போய்விட்டதாம். விளக்கு, ஸ்டீயரிங், தகடு என்று ஐந்து சாமானுக்கும் விலை கேட்டார் அண்ணி. அவர் தயங்காமல் சொன்னார். அண்ணி மனசுக்குள் கூட்டினார். இரண்டரை லட்சம்.

"இரும்பு சீட்?"

சுத்தியல் கல்லா மேசையில் மெல்ல இறங்கியது.

"அது விக்கிறதில்ல," என்றார் அண்ணன்காரர்.

* * *

வேனில் ஏறியதும் கொழுந்தன் விரல் விட்டு எண்ணினான். இரண்டு லட்சத்தில் பாதி ஒன்று. ஆறில் பாதி மூன்று. ஆக, அண்ணன்காரருக்கு லாபம் இரண்டு. செலவு இரண்டரை. "அண்ணி, இந்தாளு நஷ்டத்துக்குத் திருடியிருக்காரு. என் ஷாப்பையே தேவலாம்னு ஆக்கிட்டாரு."

அண்ணிக்கும் அதுதான் இடித்தது. எண்கள் சரியாக வராத இடத்தில் அவருக்குக் கால் ஊன்றாது. ஒரு வியாபாரி எதற்காக அரை லட்சம் கையை விட்டுப் போட்டு, வியாழக்கிழமை தோறும் கடையை விட்டு, தன் வீட்டுக் கொட்டகைக்குள்ளேயே ஒளிந்து போய்ப் போல்ட் முடுக்க வேண்டும்?

கொழுந்தன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"எனக்குப் பத்து வயசு. அண்ணனுக்கு மட்டும் தோல் பெல்ட் வாங்கினாங்க. எனக்கு அவன் பழைய பெல்ட். அவன் குளிக்கப் போனப்ப ஆணியை எடுத்துப் புது பெல்ட் நடுவுல, போடக் கூடாத இடத்துல ஒரு ஓட்டை போட்டேன்."

"என்ன லாபம்?"

"ஒண்ணுமில்ல. அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த பெல்ட் இன்னும் பீரோவில் தொங்குகிறது என்றும், எலி கடித்தது என்றுதான் உங்கள் அண்ணன் இருபது வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார்.

"எலிக்கு ஓட்டை இவ்வளவு வட்டமா வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

"கல்யாணமான அன்னிக்கே தெரியும்."

* * *

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன்காரர் வந்தார். கதவைத் தூக்கி, இடப்பக்கம் நகர்த்தி, உள்ளே வந்தார். அண்ணியைப் பார்த்ததும் நின்றார். பகலில் விளக்கு கேட்ட அம்மாள் நோட்டுப் புத்தகத்துடன் மட்கார்டில் சாய்ந்திருந்தார். தம்பிக்காரர் டீசல் டப்பா மேலேயே இருந்தார், எழுந்திருக்கவில்லை.

அண்ணி முறைப்படி ஆரம்பித்தார். ஐந்து சாமான்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, அவற்றில் இருக்கும் இரட்டைப் புள்ளியைச் சொன்னார். கொழுந்தன் பையிலிருந்து விளக்கு வளையத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தான். கூடவே கடை ரசீதையும் நீட்டினான்.

அண்ணன்காரர் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கை தனக்குத் தெரியாமல் இப்படிச் செய்திருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை போலிருந்தது. முப்பது வருடப் பழக்கம். கடையை விட்டுப் போகிற எந்தச் சாமானையும் தட்டாமல் அவர் கை அனுப்பாது, அது திருட்டுத்தனமாகப் போனாலும்.

தம்பிக்காரர் இப்போது எழுந்தார். ஆறு லட்சம் ஆக்கி எதற்காக என் வயிற்றில் அடிக்கிறாய் என்று கேட்டார். பேராசை என்றார். இன்னும் இரண்டு வார்த்தை சொன்னார், அது இங்கே வேண்டாம். அண்ணி கை காட்டி நிறுத்தினார்.

"பேராசை இல்ல. இவருக்கு இதுல அரை லட்சம் கைநஷ்டம்," என்றார். "அஞ்சு சாமானும் இவர் கடைச் சொத்து. அப்பா விட்டுட்டுப் போன வண்டியில இது எதுவும் இல்ல. அதனால விலையில சேராது. கழட்டி எடுத்துக்கலாம். வண்டி விலை ரெண்டு லட்சம்."

எழுதினார். தம்பிக்காரர் மூச்சு விட்டது கேட்டது. ஆனால் அண்ணி பேனாவுக்கு மூடி போடவில்லை.

"ஆறாவது சாமான் பாக்கி."

இருக்கையில் புள்ளி இல்லை என்றார். அப்படியானால் அது கடையிலிருந்து வரவில்லை. எங்கிருந்து வந்தது? தம்பிக்காரரின் மெத்தை சீட்டை எடுத்துக் காட்டினார். அதன் துளைகள் வண்டியின் தாங்கு பட்டையோடு பொருந்தாமல் முப்பது வருடமாகக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. காரணம், தாங்கு பட்டையில் ஒரு துளை கோணல். யாரோ கையால் துளைத்தது. இந்த இரும்பு சீட்டிலும் அதே இடத்தில், அதே கோணலில் ஒரு துளை. நாலு போல்ட்டும் தானாக உட்கார்ந்திருக்கின்றன.

"இது இந்த வண்டியோட சீட்டேதான்," என்றார்.

தம்பிக்காரர் கிட்டே வந்து, போன வியாழனிலிருந்து திட்டிக்கொண்டே உட்கார்ந்த சீட்டை முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். இடது ஓரத்தில் ஒரு பற்றவைத்த தழும்பு இருந்தது. அப்பா உழும்போது கலப்பையைப் பார்க்க எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பி உட்காருவார்; பாரம் தாங்காமல் அங்கே விரிசல் விட்டது. முப்பது வருடம் முன்னால் இந்த சீட்டு திருட்டுப் போனது எந்த வாரம் என்று அவருக்கு நினைவு வந்தது. அண்ணன் வீட்டை விட்டு டவுனுக்குப் போன வாரம். அப்பா ஒரு மாதம் சாக்கு மடித்துப் போட்டு ஓட்டினார், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீயா எடுத்த?"

"சீட்டைத்தான் எடுத்தேன்," என்றார் அண்ணன்காரர். குரல் உயரவில்லை. "வண்டியை நீ எடுத்துக்கிட்ட. ஏழு வயசுல இருந்து உன்னை மட்கார்டுல உக்கார வெச்சுக்கிட்டார். என்னை ரசீது எழுதச் சொன்னார், கையெழுத்து நல்லாருக்குன்னு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஸ்டீயரிங்கைக் குடுத்ததில்ல."

"எனக்குக் கையெழுத்து நல்லா வராது. அதுக்கு என்ன அடி அடிச்சார் தெரியுமா?"

"தெரியும். அடிச்சிட்டு அப்புறம் வண்டியில தூக்கி வெச்சுக்குவார்."

முப்பது வருடம் வைத்திருந்ததை இப்போது எதற்குத் திருப்பி மாட்டினார் என்று அண்ணி கேட்டார்.

"முழுசா இருந்தாதான் ஓட்டல்காரர் எடுப்பார்." அண்ணன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு வேண்டாம் மேடம். அவனுக்கும் வேண்டாம்."

அண்ணி முடிக்க வேண்டியதை முடித்தார். சீட்டு அப்பா இருக்கும்போதே வண்டியை விட்டுப் போன பொருள். அப்பா கேட்டு வாங்கவில்லை. பாகப் பத்திரத்திலும் இல்லை. சேர்ப்பதா, விடுவதா என்பதைத் தம்பிக்காரர்தான் சொல்ல வேண்டும். சேர்த்தால் விலை சற்றே ஏறும் என்றார்.

ஜெயித்தவருக்குத் தாராளம் வருவது இயற்கை. தம்பிக்காரர் கையை வீசினார். "அவரே வெச்சுக்கட்டும். இரும்பு. உக்காந்தா எலும்புல குத்துது. எனக்கு என் மெத்தை போதும்."

டக். பேனா மூடியது.

அண்ணன்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே ஸ்பானர் எடுத்தார். ஐந்து சாமானையும் கழற்றித் தன் சரக்கு ஆட்டோவின் பின்னால் போட்டார். விளக்கு ஒன்று உருண்டு அடிபட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டைக் கழற்றியபோது மட்டும் வேகம் குறைந்தது. நாலு போல்ட்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இஸ்திரி போட்ட கைக்குட்டையை உதறி, சீட்டின் ஒவ்வொரு துளையையும் துடைத்தார். தழும்பு இருந்த இடத்தில் கட்டை விரல் நின்றது. பின்னால் போடாமல், முன்னால் ஏறி, மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ போய்விட்டது.

"ரெண்டு லட்சத்துக்கு முடிஞ்சது," என்றான் கொழுந்தன் வேன் சாவியைச் சுழற்றியபடி. "இனி யாரும் உங்க பக்கம் வர மாட்டாங்க."

தம்பிக்காரர் வண்டியில் ஏறி மெத்தை சீட்டைப் பழைய இடத்தில் வைத்து, கம்பியை முறுக்கினார். உட்கார்ந்து பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். இடப்பக்கமாகத் திரும்பி, ஆட்டோ போன சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூசி அடங்கிய பிறகும் திரும்பவில்லை. கை இருக்கையின் இடது ஓரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றார். "அந்த சீட்டுக்கு மட்டும் தனியா என்ன விலை வரும்?"

அண்ணி நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அன்றுதான் கொழுந்தன் முதல் தடவையாகப் பார்த்தான்: மூடிய பேனா மறுபடி திறந்தது.